அலசாமல் விட்ட தலை

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தப் பெண்கள் பார்லரில் இரண்டே நாற்காலிகள். ஒன்று அக்காவுடையது, மற்றது தங்கையுடையது. கடையைத் தொடங்கியதும், தங்கைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அக்காதான். ஆனால் அவள் நாற்காலி காலியாகக் கிடந்தாலும், "பரவாயில்ல, சின்னவங்க முடிக்கட்டும்" என்று வருகிறவர்கள் காத்திருப்பார்கள். அக்காவுக்கு வயிறு எரியும். பளபளக்கிற கண்ணாடியை மறுபடியும் அழுத்தித் துடைப்பாள்.

"அப்படி என்னதான் சொக்குப்பொடி போடுறாளோ!" என்று வீட்டில் பொருமுவாள்.

"நீயும் கொஞ்சம் வாங்கிப் போடேன்" என்பான் கணவன். அன்று அவனுக்கு ஆறிப்போன காபிதான்.

தங்கையிடம் மட்டுமே வருகிறவர்களில் ஒரு தலைமையாசிரியையும் இருந்தார். ஒருநாள் அவர் தலைக்குச் சாயம் பூசி முடித்த நேரம், தங்கையின் மகனுக்குக் காய்ச்சல் என்று அவன் பள்ளியிலிருந்து போன் வந்தது. அவள் பதறிக் கிளம்பினாள்.

"அக்கா, அரை மணி நேரத்துல அலசிடு. மறந்துடாத."

'இவளோட ஆளுக்கு நான் தலை அலசணுமாக்கும்' என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த அம்மாள் கண்ணயர்ந்திருந்தார். அக்கா வேண்டுமென்றே சீப்புகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள், துண்டுகளை மடித்தாள். நேரம் தாண்டியது தெரிந்தும் எழவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அலசினாள்.

மறுநாள் அந்த அம்மாள் நெற்றியெல்லாம் சிவந்து தடித்துப்போய் வந்து நின்றார்.

"நேரத்துக்கு அலசிட்டேம்மா. கலவையிலதான் ஏதோ கோளாறு" என்றாள் அக்கா, தங்கையைப் பார்க்காமல்.

திட்டு முழுவதும் தங்கைக்கு விழுந்தது. அந்த வாரம் இரண்டு மூன்று பேர் அக்காவின் நாற்காலிக்கு மாறினார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் தங்கை மாறிப்போனாள். சாயத்தைக் கலப்பாள், முகர்வாள், கொட்டுவாள், மறுபடி கலப்பாள். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலக்கா." என்றாள் ஒருநாள். தங்கை தன்மேல் சந்தேகப்படுவாள் என்று அக்கா பயந்திருந்தாளே தவிர, அவள் தன்னையே சந்தேகப்படுவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே தலைமையாசிரியையின் பள்ளிக்குப் போய் அவர் முன் நின்றாள்.

"தப்பு அவளோடது இல்லம்மா. நான்தான் தெரிஞ்சே அலசாம விட்டேன்."

அந்த அம்மாள், "அவகிட்டயே மறுபடி வரேன். ஆனா நீ என் பக்கத்துல வரக்கூடாது" என்றார்.

கடைக்குத் திரும்பித் தங்கையிடமும் சொன்னாள்.

"ஏன்க்கா?"

"எல்லாரும் உன்னையே கேக்குறாங்கடி. என்னால பொறுக்க முடியல."

தங்கை அழுதாள். பிறகு பல நாள் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அதைப் பொறுத்துக்கொண்டாள். சாயம் பூசிய தலையை விட்டு இப்போதெல்லாம் அவள் நகர்வதே இல்லை; யார் தலையானாலும் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

பொறாமை மட்டும் போகவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்: "வர்றவங்ககிட்ட அப்படி என்னடி பேசுற?"

"நான் எங்க பேசுறேன்க்கா? அவங்கதான் பேசுறாங்க."

அடுத்து வந்த பெண் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்ததும், அவளே பேசட்டும் என்று அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். சிரமமாகத்தான் இருந்தது.