பருப்பு வேகாத நிலம்

ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவியும் நிலம் பார்க்கப் போன அளவுக்கு மற்றவர்கள் கோயிலுக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள். சொந்த மண்ணில் சின்ன வீடு, காய்கறிப் பாத்தி, ஒரு மாடு, கடையை அதிகம் நம்பாத வாழ்க்கை. வேலையில் இருந்த காலமெல்லாம் இதை அவளுக்கு வாக்குறுதியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஊர் ஊராக மாற்றல் வந்ததால் அவள் எதையும் தரையில் நட்டதில்லை. கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை எல்லாம் தொட்டியில்தான். லாரியில் ஏற்ற வசதி.

பார்த்த இடங்களையெல்லாம் தள்ளிவிட்டேன். ஒன்றுக்கு வில்லங்கச் சான்றிதழில் பழைய அடமானம். இன்னொன்றுக்குப் புல வரைபடத்தில் இருந்த வண்டிப்பாதை தரையில் இல்லை. வேறொன்றில் எல்லாமே சரியாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் காரில் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இதுதாங்க கடைசி. இதுவும் ஆகாதுன்னா நான் பொண்ணு வீட்டுக்கே போயிடறேன். நீங்க சுத்திக்கிட்டே இருங்க."

மகள் வீடு பல மாடிகளுக்கு மேலே. அங்கே தொட்டி வைக்கவும் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

கோட்டைக்குப்பத்துக்குச் சற்று முன்னால் இருந்த மணல் மேடு அது. சவுக்கை வெட்டிவிட்ட கட்டைகள் நின்றன. ஏரி கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் காலடியில் புல்கூட இல்லை. பட்டா, சிட்டா, கடற்கரை மண்டல வரைபடம் என்று நான் வரிசையாகக் கேட்க, தரகர் எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம் சார்" என்றார். போர் மோட்டாரை மட்டும் உற்சாகமாகப் போட்டுக் காட்டினார். கொட்டியது. பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே அலசி, முறைப்படி மாதிரி பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்ப ஒட்டுத்தாள் ஒட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் கார் டிக்கியிலிருந்து சின்ன காஸ் அடுப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரமும் துவரம்பருப்பும் கூடவே வந்திருந்தன. நாக்குக்குத் தெரியாத உப்பும் பருப்புக்குத் தெரியும் என்பது அவள் கட்சி.

"அம்மா பால் காய்ச்சவே வந்துட்டாங்க. அப்பறம் இன்னா சார் யோசன?" என்றார் தரகர்.

போர்த் தண்ணீரில் பருப்பு கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. எடுத்து நசுக்கினால் கூழாங்கல். இன்னொரு நிலத்தைத் தள்ளக் காரணம் கிடைத்ததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதிதான். தரகர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

அந்த நேரம் குப்பத்துப் பெண்கள் சிலர் குடங்களோடு சரிவில் ஏறி வந்தார்கள். என் மனைவி ஒருத்தியை நிறுத்திக் கொஞ்சம் தண்ணீர் வாங்கினாள். அதில் போட்ட பருப்பு குழைந்தது.

அவர்கள் வந்த வழியே இறங்கிப் போய்ப் பார்த்தேன். மணலில் ஒரு முழ ஆழத்துக்கு ஒரு குழி, சுற்றிலும் பனைமட்டை வேலி. ஒரு பெண் குந்தி உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இது எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று கேட்டேன். ஊருடையது என்றாள். அப்படியானால் பக்கத்திலேயே நம் நிலத்தில் இதே ஆழத்தில் ஒரு மோட்டார் வைத்து, சொட்டு நீர்க் குழாய் இழுத்து என்று நான் திட்டத்தை விரிக்கத் தொடங்கியதும் அவள் கை நின்றது.

"இந்த மேட்டுல மோட்டாரு போடக்கூடாதுனு ஊர்ல பேசி வெச்சிக்கிறோம் சார். நல்ல தண்ணி மேலால ஏடு மாதிரி நிக்குது. உறிஞ்சினா அடியில கீற உப்பு ஏறிடும். அப்பால நீயும் குடிக்க முடியாது, நாங்களும் குடிக்க முடியாது."

காரில் ஏறியதும் தீர்ப்பை வாசித்தேன். மேல் தண்ணீருக்கு மோட்டார் கிடையாது. அடித் தண்ணீர் உப்பு. ஆகவே பாத்தி இல்லை, மாட்டுக்குத் தீவனம் இல்லை. தற்சார்பு வாழ்க்கைக்கு இடம் தகுதியற்றது.

"தோப்பா கேட்டேன் நான்? பருப்பு வெந்துதா இல்லையா?"

நிலத்தை வாங்கவில்லை. குப்பத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு கோடையைக் கழித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சோதனைக் காலம் என்று அதற்கு நான்தான் பெயர் வைத்தேன்.

அவளுக்கு முழங்கால் வலி. அதனால் குடம் என் பொறுப்பு. ஊற்றில் ஒருவர் மொண்டு முடித்தால் மறுபடி ஊறும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். எனக்கு உட்கார முடிவதில்லை. எழுந்து தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்க்கிறேன், வேலியைச் சுற்றி வருகிறேன், ஊறுவதற்குள் குனிந்து மொள்ளுகிறேன். மணல் கலங்கிவிடுகிறது.

"கலக்காத சார். ஊத்துக்கு ஆர்டர் போட்டா ஊறுமா? ஆபீசுல இப்டித்தான் எல்லாரையும் எழுப்பி உட்டியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. வீட்டில் இதை என் மனைவி தினமும் கேட்கிறாள். அங்கே சிரிக்க ஆளில்லை.

நேற்றுக் காலை குடத்தோடு திரும்பினால் கொல்லையில் எலுமிச்சைத் தொட்டி உடைந்து கிடந்தது. தவறி உடைந்ததல்ல, பக்கத்தில் சுத்தியல் இருந்தது. எலுமிச்சை மணலில் நின்றது. குழியில் எங்கிருந்தோ வாங்கிய சாணமும் ஏரி வண்டலும்.

வாடகை ஒப்பந்தம், அடுத்தவர் மண், சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"வேரு தொட்டிக்குள்ளேயே சுத்திச் சுத்தி வந்திருக்குதுங்க," என்றாள், என்னைப் பார்க்காமல், மண்ணைத் தட்டிக்கொண்டே.

குடத்துத் தண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றினாள். மீதி சமையலுக்குப் போதாது. மறுபடி ஊற்றுக்குப் போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன். தரகர் போனில் இரண்டு தரம் கூப்பிட்டார். ஊறி முடியட்டும் என்று எடுக்கவில்லை.