செலாவோ நிற்கும் இடம்

அடித்த கோல்ஃப் பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே செலாவோ நடக்கத் தொடங்கிவிடுவார். அது வலப்பக்கம் மணலுக்குப் போகிறதா, இடப்பக்கம் கள்ளிக்காட்டுக்குப் போகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. "எங்கயாவது விழும். விழுந்த இடத்துல போய் நின்னாப் போச்சு" என்பார். விழும் இடம் தெரியாமல் எங்கே போய் நிற்பது என்று கேட்க நினைப்பவர் வாய் திறப்பதற்குள் அவர் நாற்பது அடி தள்ளிப் போயிருப்பார்.

முழுப்பெயர் வென்செஸ்லாவோ கிரிஹால்வா. அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நிற்க அவருக்கே பொறுமை கிடையாது. வயது அறுபத்து நான்கு. எர்மோசியோ என்கிற பாலைவன நகரத்தில் ஏசியும் குளிர்பெட்டியும் பழுது பார்க்கிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த ஊரில் யார் வீட்டு ஏசி நின்றாலும் பத்தாவது நிமிடம் கூரைமேல் அவருடைய காலடி கேட்கும். நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் தகரத்தின்மீது நிற்க முடியாது. கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். அந்த ஆட்டம் அவர் தரைக்கு இறங்கிய பிறகும் நிற்பதில்லை. தேவாலயத்தில் முழங்காலிடும்போதும் கட்டைவிரல் பலகையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

கோல்ஃப் ஆடுகிற வசதி அவருக்கு வந்தது குளிர்பெட்டி வழியாகத்தான். பெனாஸ்கோ கடற்கரையில் உள்ள ஒரு விடுதியின் குளிர் அறை இயந்திரங்களை ஒவ்வோர் அக்டோபரிலும் பிரித்துத் துடைத்து மாட்டிக் கொடுப்பார். பதிலுக்கு நவம்பரில் ஒரு வாரம் அவருக்கும் மனைவிக்கும் அங்கே அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மைதானத்தில் ஆட்டம். பதினாறு வருடங்களாக இந்த ஏற்பாடு நடக்கிறது. அந்தப் பதினாறு வருடங்களில் கடலைப் பார்த்துப் போட்ட சாய்வு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் அரை மணி வரலாம். மாட்டிறைச்சி சுருட்டிய தோர்த்தியா ரொட்டியை நின்றுகொண்டே தின்பார். மாடிப்படியோரம் இருக்கும் ஐஸ் இயந்திரம் முனகினால், யாரும் கேட்காமலே அதன் முதுகைக் கழற்றிவிடுவார்.

ஆடுவதைவிடத் தேடுவதில்தான் அவருக்கு ருசி. அந்த மைதானத்தில் புல் ஒரு பட்டைதான். இரண்டு பக்கமும் பாலைவனம். பந்து அங்கே போனால் போனதுதான், வேறு பந்தை எடுத்து ஆடுங்கள் என்று விடுதிக்காரர்கள் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். செலாவோ பலகையைத் தாண்டி உள்ளே போவார். தொட்டாலே தாவி ஒட்டிக்கொள்ளும் கள்ளி முள்ளை நெம்பி எடுக்கக் காலுறையில் ஒரு சீப்பு செருகியிருக்கும். மைதானத்து மேற்பார்வையாளர் லிப்ராடோ தன் வண்டியை நிறுத்தி, மரியாதைக்கு ஒரு 'டோன்' சேர்த்துக் கத்துவார்.

"டோன் செலாவோ, பாம்பு இருக்குங்க அங்க!"

"இருக்கட்டும்யா. அதுவும் லீவுக்கு வந்திருக்கும்."

மனைவி அம்பாரோவின் ஆட்டம் வேறு மாதிரி. தபால் நிலையத்தில் இருபத்தேழு வருடம் கடிதம் பிரித்தவர். எந்தக் கடிதம் எந்தப் பொந்துக்கு என்று கை பழகியதுபோலவே எந்தப் பந்து எங்கே என்றும் பழகியிருந்தது. மெதுவாக நிற்பார், மெதுவாக மட்டையை வீசுவார், பந்து நேராகப் போகும். பதினாறு வருடத்தில் கணவர் அவரை ஒருமுறைகூட வென்றதில்லை. "அவ பந்துக்குக் கண்ணு இருக்கு" என்று செலாவோ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பிப்ரவரிக்குப் பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரியில் அம்பாரோவின் பார்வை நடுவில் கரைந்துபோனது. மருத்துவர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அம்பாரோ சுருக்கமாகச் சொன்னார்: "பாக்குற இடம் தெரியல. பாக்காத இடம் தெரியுது. உன்னைப் பாத்தா ரெண்டு காதுதான் இருக்கு, நடுவுல மூஞ்சியக் காணோம்."

"நல்லதாப் போச்சு. காதுதான் என்கிட்ட பாக்குற மாதிரி இருக்கும்" என்றார் செலாவோ. அன்றிரவு மனைவிக்குத் தெரியாமல் குளியலறைக் குழாயைப் பிரித்து, கோளாறே இல்லாததால், திரும்ப மாட்டினார்.

அதன்பிறகு அவருடைய கால் ஆட்டமெல்லாம் அம்பாரோவின் மீது திரும்பியது. பல் துலக்கும் பிரஷ்ஷில் பற்பசை வைப்பது அவர். காப்பிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்குவதும் அவர்தான். முழங்கையைப் பிடித்து, தெருவைக் கடக்க வைத்து, மூச்சு வாங்குவதற்குள் அடுத்த தெருவையும் கடக்க வைத்துவிடுவார். அம்பாரோ தனியாக வாசலைத் தாண்டி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

இந்த நவம்பரில் விடுதிக்கு அம்பாரோவின் தங்கை கூக்காவும் வந்திருந்தாள். அவள் ஆடுவதில்லை. வண்டியின் நிழலில் உட்கார்ந்து, மடியில் ஒரு பொட்டலம் வெல்லப் பணியாரத்தோடு, நடப்பதையெல்லாம் பார்ப்பாள். ஐந்தாம் நாள் ஆறாவது குழியில் நடந்ததையும் அவள்தான் பார்த்தாள்.

"இப்பிடி நில்லு. இடது. இன்னும் கொஞ்சம். அடி. அடி கிழவி, பின்னால ஆளு வந்துட்டாங்க."

செலாவோ மனைவியின் தோள்களைப் பிடித்துத் திருப்பினார். அம்பாரோ மட்டையைக் கீழே இறக்கினார்.

"என்னைப் பிடிச்சுத் தள்ளாத. நான் என்ன ஃப்ரிட்ஜா?"

"ஃப்ரிட்ஜுன்னா பேசாம நகரும்."

கூக்கா சிரித்தாள். அம்பாரோ சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில கிளம்புறோமாமே. கூக்கா சொல்றா. என்கிட்ட சொன்னியா நீ?"

செலாவோ கூக்காவை முறைத்தார். கூக்கா பொட்டலத்துக்குள் பார்த்தாள். காலையில்தான் அவர் விடுதி மேசைக்குப் போய், இரண்டு நாள் முன்னதாகவே அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"இங்க கிடந்து எதுக்குக் கஷ்டப்படணும்னுதான்..."

"யாருக்குக் கஷ்டம்?"

செலாவோ குனிந்து வண்டியின் பேட்டரிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

ஏழாவது குழியை அவசரமாக முடித்தார்கள். எட்டாவதுக்கு வந்தார்கள். அந்த மைதானத்துக்கு ஆட்கள் வருவதே எட்டாவது குழிக்காகத்தான். பாலைவனம் கறுத்த பாறையாகிக் கடலுக்குள் இறங்குகிற இடம். இந்தப் பாறையில் நின்று அடிக்க வேண்டும். கொடியும் குழியும் எதிர்ப் பாறையில். நடுவே தொண்ணூறு கஜத்துக்கு அலை. வெளியூர்க்காரர்கள் ஆடுவதை விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் காத்திருக்கும் செலாவோ ஒவ்வொரு வருடமும் அவர்களைத் திட்டித் தீர்ப்பார்.

"இதை விட்டுடலாம். ஒம்பதுக்குப் போயிடலாம்" என்றார்.

"நான் ஆடணும்" என்றார் அம்பாரோ.

"எதிர்ப்பக்கம் தெரியுதா உனக்கு?"

"தெரியல. நீ அங்க போய் நில்லு. கொடிக்கு நேர் பின்னால. விசில் அடி. நான் அந்தச் சத்தத்துக்கு அடிக்கிறேன்." பையில் தடவி மட்டையை எடுத்தார். "ஆனா ஆடாத. எனக்கு நடுவுலதான் ஒண்ணும் தெரியல. ஓரத்துல அசையறதெல்லாம் தெரியுது. இந்த வாரம் பூரா நான் பாத்தது உன் கையும் காலும்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு எடத்துல நில்லு கிழவா."

அந்த வழியே வந்த லிப்ராடோ தன் வண்டியில் செலாவோவை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார். கொடிக்கு நேர் பின்னால் என்றால் புல் முடிந்து மணல் தொடங்குகிற விளிம்பு. சிவப்புச் சட்டையோடு செலாவோ அங்கே நின்றார். இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தார். கூரையிலிருந்து கீழே நிற்கும் உதவியாளைக் கூப்பிடுகிற சீழ்க்கை. அலைக்கு மேலே போயிற்று. எதிர்ப்பாறையில் அம்பாரோ தலையைச் சாய்த்துக் கேட்பது தெரிந்தது. கூக்கா அவருடைய மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டு விலகினாள். அவர்களுக்குப் பின்னால் டூசானிலிருந்து வந்த இரண்டு பெரியவர்கள் வண்டியில் காத்திருந்தார்கள்.

முதல் பந்து கடலில் விழுந்தது. செலாவோவின் வலது கால் தானாக முன்னே போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினார்.

"எங்க?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தண்ணியில! நேராத்தான் வந்துச்சு. பத்து கஜம் பத்தல!"

மறுபடி சீழ்க்கை. கணுக்காலில் முதல் கடி அப்போதுதான் விழுந்தது. குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினார். விளிம்பு மணலில் இருந்த சிறிய மேட்டில் அவருடைய இடது காலணி பாதி புதைந்திருந்தது. செவ்வெறும்புகள் காலுறையின் மேல் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அம்பாரோ மட்டையைத் தூக்கிவிட்டிருந்தார்.

இரண்டாவது பந்து பாறையின் நெற்றியில் பட்டு, எகிறி, கடலுக்கே திரும்பியது.

"எங்க?"

"பாறையில! இன்னும் ஒரு முழம்தான்!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்பாரோ அப்படியே நின்றார். "என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல! அடி!"

எறும்புகள் முழங்காலுக்குக் கீழே, கால்சட்டையின் உட்புறம் வந்துவிட்டன. ஒரே இடத்தில் ஏழெட்டு ஊசி இறங்கியது. இரண்டு அடி தள்ளி நின்றிருக்கலாம். நின்றால் சத்தம் இரண்டு அடி தள்ளும். காலை உதறியிருக்கலாம். உதறினால் அந்தச் சிவப்புச் சட்டை அவள் கண்ணோரத்தில் ஆடும். ஒன்பது மாதமாக எத்தனை இடத்தில் ஆடியிருப்போம் என்று செலாவோ முதன்முதலாக நினைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது. கடியினால் என்று நினைத்துக்கொண்டார். சீழ்க்கை அடித்தார். நீளமாக, ஆடாமல்.

மூன்றாவது பந்து உயரே போனது. செலாவோ அதைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு பந்து ஏறுவதையும், நிற்பதையும், இறங்குவதையும் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது அவருக்கு முன்னால் பதினோரு அடியில் புல்லில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, அடங்கியது.

தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை என்பது அம்பாரோவுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"எங்க?"

"இங்க!" என்றார் செலாவோ.

டூசான் பெரியவர்கள் கை தட்டினார்கள். கூக்கா அக்காவைக் கூட்டிவர வண்டியைக் கிளப்பினாள். அம்பாரோ அவளிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. வண்டி நின்றது.

"அங்கயே நில்லு செலாவோ! நான் நடந்து வர்றேன்! விசிலை நிறுத்தாத!"

வளைகுடாவைச் சுற்றி வருகிற பாதை அகலமானது. இருபுறமும் வெள்ளைக் கல் பதித்தது. கல்லின் ஓரம் அவருக்குத் தெரியும். போய்ச் சேருகிற இடம்தான் தெரியாது. மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு, தனியாக, அவசரமே இல்லாமல் அம்பாரோ நடக்கத் தொடங்கினார். அந்த நடைக்குப் பத்து நிமிடமாவது ஆகும்.

லிப்ராடோ தன் வண்டியிலிருந்து இறங்கி, வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவருடைய கண் செலாவோவின் காலுக்குப் போனது. காலுறை முழுதும் சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தது. ஐயோ என்று கத்த வாயைத் திறந்தார்.

செலாவோ அவரைப் பார்த்து உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு அந்த விரலோடு இன்னொன்றையும் சேர்த்து வாயில் வைத்து மறுபடி சீழ்க்கை அடித்தார்.