செட்ரிக் சொல்லாமல் போன கடைசி வரி

செட்ரிக் வாட்டர்ஹவுஸை உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் தெரியாது, முகத்தைப் பார்த்தால் தெரியும். தட்டை ஏந்திக்கொண்டு வரும் பணியாள், பிணத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றும் போலீஸ்காரர், கல்யாணத்தை நடுவில் நிறுத்தும் பாதிரியார் எல்லாம் அவர்தான். ஐம்பது வருஷம் டி.வி.யிலும் சினிமாவிலும் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவர் திறந்த கதவு வழியாக வந்தவர்கள்தான் பெயர் வாங்கினார்கள்.

போன மார்ச்சில் அவர் இறந்தபோது பத்திரிகையில் நாலு வரி போட்டார்கள். கூடவே ஒரு படம். படத்தில் ஒரு பெரிய நடிகை சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் செட்ரிக்கின் தோளும் ஒரு காதும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பத்திரிகையை அடுப்பில் போட்டிருப்பேன், ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு.

நான் மோரீன் ஹிக்ஸ். எல்லாரும் மோ என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நாடகக் கம்பெனிகளில் மேடை மேலாளராக இருந்தேன். மேடைக்குப் பக்கத்து மறைவில் உட்கார்ந்து, வசனத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கு, மணி, இடி, மழை எல்லாவற்றுக்கும் நேரம் சொல்லி, கடைசியில் திரையை இறக்கச் சொல்வது என் வேலை. யாராவது வசனம் மறந்து நின்றால் முதல் வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுப்பதும் நான்தான். நடிகர்களைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தவள், ஆகையால் எனக்கு அவர்கள்மேல் பெரிய மயக்கம் கிடையாது. செட்ரிக் மட்டும் விதிவிலக்கு.

செட்ரிக் ஹல் நகரத்து மீன் வியாபாரி மகன். பதினேழு வயதில் வாரத்துக்கு ஒரு நாடகம் போடும் கம்பெனியில் சேர்ந்தார். திங்கட்கிழமை ஒரு கொலைகாரன், அடுத்த திங்கட்கிழமை ஒரு பிரபு. இரண்டு பேருக்கும் ஒரே கோட்டுதான். வாடகைக்கு எடுத்த அறைகளில் ஈரத் துணி காயவைத்து, காலையில் புகைபோட்ட மீனும் ரொட்டியும் தின்று, ஞாயிற்றுக்கிழமைகளை ரயில் மாறுவதிலேயே கழித்தவர். இரண்டு கல்யாணம், இரண்டும் நிலைக்கவில்லை. "நான் வீட்டுக்குப் போற நேரத்துல அவங்க தூங்கிட்டாங்க, அவங்க முழிச்ச நேரத்துல நான் தூங்கிட்டேன். சண்டை போடக்கூட நேரமில்ல கண்ணு," என்பார்.

அவருக்குப் பெரிய பாத்திரம் என்று ஒன்று கிடைத்தது, ஒரு விடுதி நாடகத்தில். கடலோரத்தில் ஒரு விடுதி, கிழவர் கிழவி இருவரும் நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் ஆளே வருவதில்லை. மூடிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். கடைசியில் புயலில் பஸ் நின்றுபோய், நனைந்த கூட்டம் ஒன்று கதவைத் தட்டுகிறது. கிழவர் கதவைத் திறந்து சொல்வதுதான் நாடகத்தின் கடைசி வரி. செட்ரிக் கிழவர். எனிட் கார்பெட் கிழவி. வருஷக் கணக்கில் ஊர் ஊராகப் போட்டோம். மற்ற நடிகர்கள் வந்து வந்து மாறினார்கள், இவர்கள் இருவரும் மாறவில்லை.

ஒத்திகையில் கடைசி வரியைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பழக்கம். ஜனம் முன்னால் இருந்தால்தான் நாடகம் முடியலாம். காலி நாற்காலிகளுக்கு முன்னால் முடித்தால் கேடு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். செட்ரிக் சிரித்ததில்லை. ஒத்திகையில் கதவைத் திறப்பார், கையை விரிப்பார், "டம் டிட்டி டம்" என்பார், டீ குடிக்கப் போய்விடுவார்.

கடைசி ஆட்டம் ஸ்கார்பரோவில், நெப்டியூன் தியேட்டரில். மூன்றாம் அங்கத்தில் நிஜப் புயலே வந்து சேர்ந்தது. நான் கொடுத்த இடிக்கும் வானம் கொடுத்த இடிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஜனம் கை தட்டியது. பிறகு மின்சாரம் போயிற்று. மெழுகுவர்த்தி வைத்து ஆடலாம் என்று செட்ரிக் கெஞ்சினார், தியேட்டர்க்காரர்கள் தீக்குப் பயந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடுதியைப் பலகை பலகையாகப் பிரித்து லாரியில் ஏற்றினோம். செட்ரிக் மட்டும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மோ, இது இன்னும் முடியல," என்றார்.

"முடிஞ்சிருச்சு. லாரில ஏத்தியாச்சு."

"நான் இன்னும் கதவையே தொறக்கல கண்ணு."

அதற்குப் பிறகு அந்த நாடகத்தை யாரும் போடவில்லை.

வயதான நடிகர்களுக்கென்று இருக்கும் இல்லத்தில் கடைசி வருஷங்களைக் கழித்தார். எனிட்டும் அங்கேதான், எதிர் அறை. எனிட்டுக்கு அவர்மேல் பிரியம். கம்பெனி முழுக்கத் தெரியும், சமையல்காரனுக்கும் தெரியும், செட்ரிக்குக்கு மட்டும் தெரியாது. இல்லை, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரோ என்னவோ, நல்ல நடிகர் அல்லவா. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. எனிட்டின் பெயர்கூடப் போயிற்று, "பெண்டாட்டி" என்றே கூப்பிட ஆரம்பித்தார். நாடகப் பெண்டாட்டிதான், ஆனாலும் எனிட் அதைத் திருத்தவில்லை.

விடுதி நாடகம் மட்டும் வரி வரியாக இருந்தது. நர்ஸ் ஒருத்தி, "அந்தக் கடைசி வரியத்தான் சொல்லுங்களேன்," என்று கேட்டாளாம். "ஆள் எங்க?" என்று படுக்கையிலிருந்து சுற்றிப் பார்த்தாராம். இறப்பதற்குச் சில நாள் முன்னால் எனிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத நீ சொல்லிடு. ஆனா சபை நெறைஞ்சிருக்கணும். காலி நாற்காலிக்குச் சொல்லிடாத," என்றார். ஆயுசில் அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அதை நிறைவேற்றாமல் அவள் சாகமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெப்டியூன் தியேட்டரிலேயே செட்ரிக்குக்கு ஒரு நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்தாள். இல்லத்து நடையில் இருக்கும் போனைப் பிடித்துக்கொண்டு வாரக் கணக்கில் உட்கார்ந்தாள். கூட நடித்தவர்கள், நடித்தவர்களின் விதவைகள், தையல்காரிகள், தச்சர்கள், ஒருவரையும் விடவில்லை. "செவ்வாய்க்கிழமை மத்தியானம். நெப்டியூன். வர்றியா இல்லியா? மழுப்பாம சொல்லு." எல்லாரும் வருகிறேன் என்றார்களாம். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்பார்கள், நடிகன் பேச்சு விடியும் வரைகூடத் தாங்காது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அன்று காலையில் தியேட்டருக்குப் போனேன். பழக்கப்படி பின்வாசல் வழியாகத்தான். அங்கே காவல்காரர் வால்டர், ரிடையர் ஆக மறந்துபோனவர், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒரு பன்றிக்கறி பணியாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நீ இன்னும் உசிரோடதான் இருக்கியா மோ?"

"உங்க பணியாரத்தத் தின்னிருந்தா போயிருப்பேன்."

எனிட் என்னைப் பார்த்ததும், "அடியே, நீ இன்னிக்கு உள்ள உக்காராத. முன்வாசல்ல போய் நில்லு. வர்றவங்கள வாங்கன்னு சொல்ல மூஞ்சி தெரிஞ்ச ஆள் வேணும்," என்றாள். ஆயுசில் முதல் தடவையாக ஒரு தியேட்டரின் முன்வாசலில், பெரிய கம்பளத்தின்மேல், நிகழ்ச்சித் தாள்களை அணைத்துக்கொண்டு நின்றேன்.

மழை. கடலும் வானமும் ஒரே சாம்பல். செட்ரிக்கின் அண்ணன் மகள் ஆலிசன் லீட்ஸிலிருந்து வந்தாள். பிறகு மழைக்கு ஒதுங்கிய இரண்டு பெண்மணிகள் சாண்ட்விச் பொட்டலத்தோடு வந்து, "இங்க உக்காரலாமா? டிக்கெட் வேணுமா?" என்று கேட்டார்கள். வேறு யாரும் இல்லை.

எனிட்டின் ஒப்பனை அறைக்குப் போய்ப் பார்த்தேன். எனிட் நாற்காலியில் உட்கார்ந்து உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எப்படி?"

"வந்துட்டே இருக்காங்க," என்றேன்.

"உனக்கு நடிக்க வரலடி. அதான் உன்னப் பக்கத்துல உக்கார வச்சோம்," என்றாள்.

எங்களிடம் இன்னொரு பழைய வழக்கம் உண்டு. மேடையில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள் குறைவென்றால் ஆட வேண்டியதில்லை. மேடையில் எனிட், பியானோ வாசிக்கும் டெரிக், பாதிரியார், ஆலிசனுக்கு ஒரு நாற்காலி. கீழே சாண்ட்விச். எனிட்டுக்குக் கண் மங்கல்தான், ஆனால் காலி நாற்காலியைத் தெரிந்துகொள்ள ஒரு நடிகைக்குக் கண் வேண்டாம், காதே போதும். காலி அரங்கத்தில் குரல் திரும்பி வரும்.

ஆரம்பித்தார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார். ஆலிசன் சித்தப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள், அழுதாள். டெரிக் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று வாசித்தார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, வராத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். ரெஜி, டாஃப்னி, குட்டை பெர்சி. செட்ரிக்கிடம் கோட்டு கடன் வாங்காதவன் ஒருவன் உண்டா? ஒரு மழைக்கு இத்தனை பயமா?

எனிட் எழுந்து முன்னால் வந்தாள். மேடை நடுவில் ஒரு கதவு வைத்திருந்தார்கள், வெறும் சட்டமும் கைப்பிடியும். அதன் அருகில் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. வாக்கு வாக்குதான். காலி நாற்காலிக்குச் சொல்லிடாத என்று அவர் கேட்டுக்கொண்டார், அவள் சொல்லப்போவதில்லை. அப்படியே நின்றாள். பியானோக்காரர் அசையவில்லை. சாண்ட்விச் பெண்மணிகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். எண்பத்தெட்டு வயதுக் கிழவி ஒருத்தி இப்படித் தனியாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அப்போது இடது பக்க மறைவிலிருந்து, கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து, ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"வாங்க..."

எனிட் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, இந்தத் தடவை இரண்டு மூன்று குரல்கள்:

"வாங்க, வாங்க..."

வசனம் மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கடைசி வரியை எடுத்துக்கொடுக்கிறார்கள்!

எனிட் துணிப்பக்கம் திரும்பினாள். "யாரது?"

"நான்தான், ரெஜி."

"நீ மட்டுமா?"

"இல்ல கண்ணு. எல்லாரும்." வலது பக்கத்துத் துணிக்குப் பின்னாலிருந்து டாஃப்னியின் குரல், "இந்தப் பக்கமும் இருக்கோம். பெர்சி என் கால மிதிச்சிட்டே நிக்கிறான்."

"அங்க என்னடா பண்றீங்க?"

"கூப்பிட்டாத்தான மேடைக்கு வரணும்? ஆட்டம் நடக்குது, செவப்பு விளக்கு எரியுது, மூச்சு விடாதீங்கன்னு வால்டர் சொல்லிட்டாரு."

"முன்னாடி வந்து உக்காரத் தெரியாதா?"

"அது காசு கொடுத்து வந்தவங்க உக்கார்ற எடம்ல," என்றார் ரெஜி, நிஜமாகவே திகைத்துப்போய்.

அத்தனை பேரும் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்கள். வேறு எந்த வழியாக வருவார்கள்? ஆயுசு முழுக்க ஒருவனும் முன்வாசலை மிதித்ததில்லை. வால்டர் ஒவ்வொருவரையும் உள்ளே விட்டு, மறைவில் நிற்க வைத்து, மறுபடி தன் பணியாரத்துக்குப் போயிருக்கிறார். நானும் அன்று காலை அதே வாசல் வழியாகத்தான் போனேன், எனக்கும் தோன்றவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

துணிகள் அசைந்தன. கைத்தடிகள், தள்ளு நாற்காலிகள், நனைந்த தொப்பிகள் எல்லாம் துணி ஓரங்களில் எட்டிப் பார்த்தன. அப்போதும் ஒருவரும் துணியைத் தாண்டி மேடையில் கால் வைக்கவில்லை. கூப்பிடவில்லையே.

எனிட் நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டிவிட்டாள். ஜனத்துக்கு முதுகு காட்டாதே என்று எத்தனை பெண்களைக் குட்டியிருப்பாள் அவள். கதவின் கைப்பிடியைத் திருப்பி, அகலத் திறந்து, செட்ரிக் மாதிரியே இரண்டு கையையும் விரித்தாள். குரல் நடுங்கவில்லை.

"வாங்க, வாங்க. வாசல்லயே நின்னு நனையாதீங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு."

அவர்கள் வந்தார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து, அந்த வெறும் கதவு வழியாக ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, எனிட்டை முத்தமிட்டு மேடையை நிறைத்தார்கள். சுற்றிக்கொண்டு வரலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனிட் கதவைப் பிடித்துக்கொண்டே நின்று, "வந்துட்டாங்க செட்ரிக், எல்லாரும் வந்துட்டாங்க," என்று அழுதாள்.

இந்த இடத்தில் திரை இறங்க வேண்டும். மேடையில் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள், ரெஜி மறைவுப் பக்கம் பார்த்து "மோ, திரை!" என்றுகூடச் சொன்னார். இறக்கச் சொல்ல வேண்டியவள் நான். செட்ரிக் எத்தனையோ தடவை இந்த வரியைச் சொல்லி முடித்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் என் கை திரைக்குச் சைகை காட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவைகூட அவருக்கு நான் கை தட்டியதில்லை. அன்று கடைசி வரிசையில், நிகழ்ச்சித் தாள்களையெல்லாம் கீழே போட்டுவிட்டு, கை வலிக்க வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தேன்.