குவெசி எசுமானின் கால்விரல்

குவெசி எசுமான் தன் குசினியில் நின்று கெங்கே சுற்றிக்கொண்டிருந்தார். புளித்த சோளமாவில் பாதியைக் கிண்டி, மீதிப் பச்சை மாவோடு பிசைந்து, உருண்டையாக்கி, இலையில் பொதிந்து அவிப்பதுதான் கெங்கே. கானாவில் வாழைச்சருகில் பொதிவார்களாம். மெல்பேர்னின் நோபல் பார்க்கில் சருகுக்கு எங்கே போவது? எங்கள் தமிழ் ஆட்களின் கடையில் உறைந்த வாழையிலை வாங்கி, அடுப்பில் வாட்டி எடுத்துக்கொள்வார். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த கைகள். ஒரு மடிப்பும் பிசகாது. அன்றைக்கு மட்டும் மிக மெதுவாகச் சுற்றினார். சுற்றி முடித்தால் கதிரையில் உட்கார்ந்து எனக்குக் காலைக் காட்ட வேண்டும்.

2003ஆம் ஆண்டு. நான் வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டு மாற்றவும் பழகியிருந்தேன். எசுமான் மனைவியை இழந்தவர், நீரிழிவுக்காரர். வலது காலில் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்துவிட்டது. விரலை எடுக்க வேண்டும், விட்டால் பாதம் போகும், பிறகு கால் போகும் என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர் ஈஸ்டர் முடியட்டும் என்றார். ஈஸ்டர் முடிந்ததும், குளிராக இருக்கிறது என்றார். கத்திக்குப் பயந்தவர் என்று நினைத்தேன். அது தப்பு.

அவர் கானாவின் அக்கான் இனத்தில் ஃபான்டிப் பிரிவு. அவர்களுடைய முன்னோர் உள்நாட்டில் தெச்சிமான் என்ற இடத்தை விட்டு, மூன்று தலைவர்களின் பின்னால் கடற்கரைப் பக்கம் நடந்து வந்தார்கள் என்பது பரம்பரைக் கதை. அந்தத் தலைவர்களுக்குத் திமிங்கிலம், கழுகு, யானை என்று பெயர். வழியில் தலைவர்கள் செத்தபோது சனம் உடல்களை விட்டுவிட்டு வரவில்லை. சுமந்துகொண்டு நடந்து, மன்கெசிம் என்ற இடத்தில் குடியேறி, அங்கே அடக்கம் செய்தார்களாம். கட்டு மாற்றும்போதெல்லாம் இதைச் சொல்வார். நாலு சொல்லில் முடிகிற செய்தியை நாற்பதாக்குகிற மனிதர். நோகிற இடத்தில் என் கை பட்டால் யானை சீக்கிரம் வந்துவிடும்.

அவர்களிடம் தலைமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்வழியில் போகும், மாமனுக்குப் பிறகு சகோதரியின் மகனுக்கு. இதைச் சொல்லிவிட்டு நான் திகைப்பேன் என்று பார்த்தார். நான் மட்டக்களப்பு. எங்களுக்கும் குடி, அதாவது குலம், தாய்வழிதான். எங்கள் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவி மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் வந்தது. இதை மெல்பேர்னில் மற்றத் தமிழருக்கு விளங்கப்படுத்தியே நான் களைத்திருக்கிறேன். அவருக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது. நாங்கள் பேசியது இங்கிலிஷில். என் தமிழில் எழுதுகிறேன்.

“அப்ப நீங்களும் எங்கட ஆக்கள்தான் சிஸ்டர். எங்களோட நடந்து வந்து, இடையில வழி மாறிக் கப்பலேறியிருக்கிறீங்க.”

“வழி மாறினது நீங்க,” என்றேன். “காலைத் தூக்குங்க.”

அந்த ஆண்டு மெல்பேர்னிலுள்ள ஃபான்டிக் குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு தலைவரை இருத்த முடிவு செய்திருந்தன. சாவுவீட்டையும் குடும்பப் பிணக்கையும் முன்னின்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எங்களுக்குச் சிம்மாசனம் போல அவர்களுக்கு ஒரு மர ஸ்டூல். அதில் யார் இருப்பது என்று குறிக்கிறவர் ஒரு பெண். ராணித்தாய் என்பார்கள், பெரும்பாலும் தலைவரின் தாயோ சகோதரியோதான். இங்கே அது எசுமானின் அக்கா எஃபுவா, கிளென் வேவர்லியில் மகளோடு இருந்தவர். அவர் தன் தம்பியைக் குறித்திருந்தார். மனைவி போன பிறகு எசுமான் ஆவலோடு காத்திருந்தது இது ஒன்றுக்குத்தான்.

ஆனால் உடம்பில் குறையுள்ளவர் அந்த ஸ்டூலில் இருக்கக்கூடாது. ஒரு கால்விரல் இல்லாவிட்டாலும் குறைதான்.

பத்து விரலோடு உட்கார்ந்துவிட்டால் போதும் என்று அவர் நினைத்தார். உட்கார்ந்த தலைவரின் வெறுங்கால் நிலத்தில் படக்கூடாது. பதவியிலிருந்து இறக்கும்போதுதான் செருப்பைக் கழற்றுவார்கள். ஆகவே பிறகு தன் காலை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்றார். சடங்கு வருகிற சனிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் காலைக்கு இடம் வந்திருந்தது. போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கெங்கே சுற்றத் தொடங்கியிருந்தார்.

கடைசிப் பொதியும் முடிந்தது. கதிரையில் இருத்திக் கட்டை அவிழ்த்தேன். மணம் மாறியிருந்தது. கறுப்பு பாதத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

“இண்டைக்கு மெல்லிசாக் கட்டுங்க சிஸ்டர்,” என்றார். “அக்கா செருப்புக் கொண்டு வாறா, போட்டுப் பாக்க.”

புண்ணுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தடிப்பாகக் கட்டினேன். ஒரு ஃபான்டிப் பெண் இப்படிச் செய்யமாட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டு, கட்டுக்கு மேலே காலுறையை இழுத்துவிட்டார்.

எஃபுவா வந்தார். கூடவே அவர் மகன் கோஜோ, பஸ் ஓட்டுகிறவர், செருப்புப் பெட்டியைத் தூக்கி வந்தார். அகலமான கறுப்புச் செருப்பு. வாரில் பொன் நிறத்தில் பூக்கள். இடது கால் செருப்புக்குள் போனது. வலது கால் போகவில்லை. நின்று வேலை செய்து வீங்கிவிட்டது என்றார் எசுமான். எஃபுவா குனிந்தவர் நிமிரவில்லை. கிட்டப் போனால் மணம் தெரியாமல் இருக்காது. என்னைப் பார்த்தார். அந்த வீட்டு நோயை வெளியே சொல்கிற வேலை என்னுடையதல்ல. நான் எசுமானைப் பார்த்தேன்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். சனிக்கிழமை வரை பேசாமல் இருக்கும்படி அக்காவைக் கேட்டார். எஃபுவா தலையாட்டாமல் இருக்கவும் எசுமானுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உன்ட மகனை இருத்தத்தான் நீ வழி பாக்கிறாய்.”

“இவனையா? இவனுக்கு எங்கட பாஷையில சாப்பாடு கேக்க மட்டும்தான் தெரியும்.”

“ட்ரூ, அங்கிள்,” என்றார் கோஜோ.

எஃபுவா தம்பிக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

“செத்த தலைவர்களை நாங்க ஒருக்காச் சுமந்தாச்சு, குவெசி. அப்ப சுமக்கிறதுக்கு ஒரு சனமே இருந்தது. இங்க நானும் இவனும்தான். என்னால ஏலாது.”

எசுமானுக்கு எப்போதும் வாயில் நிற்கிற யானையும் கழுகும் அன்றைக்கு வரவில்லை. காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவரைக் குறித்தவள் நான், ஆகவே மாற்றுகிறவளும் நான் என்றார் எஃபுவா. ஸ்டூலில் கோஜோ இருக்கட்டும். ஆனால் அவர்களுடைய தலைவர் சபையில் நேரே பேசுவதில்லை. பக்கத்தில் கோலோடு நிற்கிற ஒருவர்தான் அவருக்காகப் பேசுவார். அந்த ஆள் குவெசி. விரலை எடுத்து அவர் திரும்ப நடக்கத் தொடங்கும் வரைக்கும் சடங்கு தள்ளிப்போகும்.

“அந்த வேலைக்கு வாய் வேணும். உனக்கு இருக்கிற வாய் ரெண்டு ஆளுக்குக் காணும். விரலை ஒருத்தரும் எண்ண மாட்டினம்.”

யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார் எசுமான். கெங்கே அவிந்தது. நாங்கள் மூவரும் சாப்பிட்டோம், அவர் தொடவில்லை. நான் அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது கோஜோவின் கார் வாசலில் நின்றது. உள்ளே எசுமான் செருப்பை மடியில் வைத்து, தன் பழைய பிட்டர் ஆயுதப் பெட்டியைத் திறந்து, வாரில் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டிருந்தார். கோஜோவின் கால் ஒடுக்கம். போட்டு நடக்கவைத்துப் பார்த்தார். திருப்தியில்லை, இன்னொரு துளை போட்டார். பிறகு என்னிடம் வலது காலைத் தானே தூக்கித் தந்தார். தடிப்பாகக் கட்டினேன். ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு ஒரு பை கெங்கே எடுத்துக்கொண்டு, கோஜோவின் தோளைப் பிடித்துக் காருக்கு நடந்தார். கார் திரும்புமுன் மன்கெசிம் கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். இந்தத் தடவை கோஜோவுக்கு. நான் மிச்சக் கெங்கேயை பிரிட்ஜில் அடுக்கி, குசினி மேசையைத் துடைத்து, கதவைப் பூட்டினேன்.