பனை தெரிந்த தூரம்

வெள்ளைக்காரர்கள் கடலைப் பங்குபோட்ட காலத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. சென்னைத் துரைமாரும் கொழும்புத் துரைமாரும் ஒரு மேசையைச் சுற்றிக் கதிரை போட்டிருந்து, மன்னாருக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கோடு கிழித்துவிட்டார்கள் என்று அரசாங்கக் கச்சேரியில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரே ராசாவின் ஆட்சிதான். ஒரே ஆள் தன் வலது கைக்கும் இடது கைக்கும் காணி பிரித்துக் கொடுத்த மாதிரி. இன்று சிரிக்கிறேன். அன்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, சங்கு கிடக்கும் கடலடிப் பார் எங்கள் மன்னார்ப் பக்கம் விழுந்துவிட்டது என்று.

அந்தப் பாரில் சங்கு குளிக்க எதிர்க்கரையிலிருந்து வருகிறவர்களில் ஒருவர் என் ராத்தாவின் புருசன். ராத்தா என் கூடப்பிறந்த மூத்தவள். எங்கள் ஊரான உப்புக்குளத்திலிருந்து கல்யாணமாகித் தோணியில் அக்கரைக்குப் போனவள். மச்சான் எங்கள் வள்ளத்துக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போட்டு மூழ்குவார். பகலில் எங்கள் சோற்றுச் சட்டிக்குள் கேட்காமலே கையை விடுவார்.

கோடு இத்தனை மைல் தள்ளி என்று கச்சேரியில் வாசித்துக் காட்டினார்கள். கடலில் மைலை யார் கண்டது? நாங்கள் கரையில் நிற்கும் மரத்தைப் பார்த்துத் தூரம் பிடிக்கிறவர்கள். என் அண்ணனான நானா, எங்கள் கரைப் பனந்தோப்பை வைத்து மைலைப் பனையாக மாற்றிச் சொன்னார்.

"பனங்கூடல் தெரியிற வரைக்கும் எங்கட கடல். மறைஞ்சால் அவங்கட."

மச்சானிடமும் இதைச் சொன்னோம். "கடலுக்கு வேலி அடைச்சிட்டீகளா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் அப்போதே தொட்டால் வெடிக்கிறவன்.

ஒரு நாள் முழுக்க மழை கொட்டி ஓய்ந்தது. மறுநாள் காலை பாரின் வெளி முனைக்குப் போனோம். மச்சானுடைய வள்ளம் அங்கே நின்றது. அதில் அவரும் இன்னொருவரும். திரும்பிப் பார்த்தேன். பனங்கூடல் ஒவ்வொரு மரமாக எண்ணக்கூடிய தெளிவில் நின்றது.

"பனை தெரியுது. எங்கட கடலுக்குள்ள வந்து கள்ளம் செய்யிறான்," என்றார் நானா.

வள்ளத்தோடு வள்ளத்தை மோதினோம். நானா துடுப்பை ஓங்கி மற்றவனின் மண்டையில் போட்டார். அவன் ரத்தம் வழியச் சங்குக் குவியலின் மேல் சரிந்தான். நான் கத்தியோடு அவர்களுடைய நங்கூரக் கயிற்றை அறுக்கப் பாய்ந்தேன்.

"மச்சான், பனைய நம்பாதீக! நேத்து மழை பெஞ்சிருக்கு, வானம் கழுவிவிட்டாப்ல இருக்கு. தூரத்துலயும் தெரியும்!" என்று மச்சான் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இடது கையால் கயிற்றைப் பொத்திப் பிடித்தார். கை குறுக்கே வந்தால் நிறுத்திவிடுவேன் என்று நம்பியிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. கயிறும் பெருவிரலும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின.

சத்தம் கேட்டு அரசாங்கக் காவல் வள்ளம் வந்தது. அதிலிருந்தவன் திசைகாட்டியை வைத்து நாங்கள் நின்ற இடத்தைப் படத்தில் குறித்துக்கொண்டு, எல்லோரையும் கச்சேரிக்குக் கொண்டுபோனான். துரை அடிக்கோலை வைத்துப் பார்த்தார். நாங்கள்தான் கோட்டைத் தாண்டிப் போயிருந்தோம். மச்சான் தன் கடலில்தான் நின்றிருக்கிறார்.

அதற்குமேல் துரை சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்: அந்தக் கோட்டுக்குச் சீமையில் இன்னும் ஒப்பம் வைக்கவில்லையாம். அதனால் அது சட்டத்தில் கோடே இல்லையாம். மண்டையை உடைத்ததும் விரலை வெட்டியதும் மட்டும்தான் குற்றமாம்.

மச்சானின் வாக்குமூலத்தை எழுதி முடித்த எழுத்தர், பழக்கத்தில் மைத்தட்டை நீட்டி, "இடக்கைப் பெருவிரலை வை," என்றார்.

மச்சான் துணி சுற்றிய கையை மேசையில் வைத்தார். "அது கடல்ல கெடக்குங்க. எந்தப் பக்கம்னு உங்க படத்துலதான் பாக்கணும்."

வலக்கை விரலை வைத்துவிட்டுப் போனார். என்னை ஒருமுறையும் பார்க்கவில்லை.

நானும் நானாவும் தண்டனை பெற்று மறியலில் அடைபட்டுக் கல்லுடைத்தோம். அதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். வெளியே வந்தபோது, மச்சான் மூழ்குவதை விட்டுவிட்டாராம், பிடிமானம் இல்லாத கையோடு கரையில் மீன் காயப்போடுகிறாராம் என்று கேள்விப்பட்டேன். ஒரு மூட்டை அரிசியை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு தனியாக அக்கரைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவேண்டும், அவர் காலைப் பிடித்தாவது.

ராத்தா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். முன்பக்க அணியத்தில் இரண்டு கையையும் ஊன்றி, அரிசியோடும் என்னோடும் வள்ளத்தைத் திரும்பக் கடலுக்குத் தள்ளினாள்.

"போடா. பனை தெரியுதா எண்டு பாத்துக்கொண்டு போ," என்றாள்.