நிற்க மறுத்த பிக்கப்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி தயவுசெய்து நின்றுவிட வேண்டும் என்று நீங்கள் எப்போதாவது வேண்டிக்கொண்டதுண்டா? போன செவ்வாய்க்கிழமை நான் வேண்டிக்கொண்டேன். அதுவும் மனமுருகி.

வண்டி சசியுடையது. பாரிவாக்கத்தில் நர்சரி வைத்திருக்கிறாள். என் பால்கனியில் பிழைத்திருக்கும் செடிகளெல்லாம் சசி தந்தவை. செத்துப்போனவை வேறு இடத்தில் வாங்கியவை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆவடியில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலுக்குச் செம்மண் மூட்டையும் செம்பருத்தியுமாக ஒரு பழைய டீசல் பிக்கப்பில் வருவாள். அவளே ஓட்டி வருவாள். வாட்ச்மேன் முதல் குழந்தைகள் வரை எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள்.

கொஞ்ச நாளாக அந்த வண்டிக்கு ஒரு வியாதி. ஜம்மென்று ஓடும், திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிழலில் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அம்பத்தூர் மெக்கானிக் பாபு டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்த்தார். பம்ப்பைக் கழற்றி மாட்டினார். ம்ஹூம். அவர் ஷெட்டில் இருக்கும்வரை மட்டும் வண்டி பரம சாதுவாக ஓடும். டாக்டர் வீட்டுப் படியேறியதும் நமக்கு இருமல் நின்றுபோகிறதே... அந்தக் கதைதான்.

சசியின் கணவர் முருகேசன் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்.

“பொம்பள ஓட்டுனா வண்டி இப்படித்தான் ஆவும். எந்நேரமும் கிளட்ச் மேலயே காலை வெச்சிகினு கீறா.”

வண்டியை விற்றுவிடுவது. டெலிவரிக்கு வாடகை வண்டி, டிரைவரோடு. சசி நர்சரியில் உட்கார்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். வாங்குகிறவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

“வண்டி போனா போவுதுக்கா. அதோட நானும் எங்கியும் போவ மாட்டேன், அதான்” என்றாள் சசி போனில். அவள் அழவில்லை. 

பாபு கடைசியாக ஒரு வழி சொல்லியிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகிவிட்டால், எஞ்சின் சுற்றும் வேகம் போனில் நம்பராகத் தெரியும். “வண்டி நிக்கற நேரத்துல நம்பரைப் பாருங்க. மெதுவா எறங்குனா டீசல் வரல. படக்குனு ஜீரோ ஆச்சுன்னா சென்சார்.” ஓட்டுவதற்கு சசி இருக்கிறாள். நம்பரைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே? அந்த ஆள் நான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். முந்தின நாள் மழை விட்டிருந்தது. அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறியபோது வானம் முழுக்க ஒரே சாம்பல் வெளிச்சம்... வெயிலுமில்லை, மேகமுமில்லை. போக வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. இறக்க வேண்டிய செடியும் கிடையாது. வண்டி நிற்பதற்காக ஓடிக்கொண்டிருந்தோம். அதுவோ நிற்பதாக இல்லை. நெமிலிச்சேரி தாண்டியது, வேப்பம்பட்டு வந்தது. ஸ்டேஷனில் யாரோ ஓர் அம்மா நெல்லிக்காயைக் கூறுகட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பினோம்.

திருநின்றவூர் ஏரி நிறைந்திருந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறம். நடுவில் கரை எது என்றே தெரியவில்லை. ஒரு வெள்ளைப் பறவை அந்த நடுவில் போய்க்கொண்டிருந்தது. பறக்கிறதா, மிதக்கிறதா? நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ. சுற்றிலும் அப்படி ஓர் அமைதி...

“அக்கா, நம்பர் இன்னா ஆச்சு?”

வண்டி நின்றிருந்தது. அந்த அமைதிக்கே அதுதான் காரணம். என் மடியில் போன், திரையில் ஜீரோ. மெதுவாக இறங்கிய ஜீரோவா, படக்கென்று விழுந்த ஜீரோவா? யாருக்குத் தெரியும்? எனக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு வேலை.

சசி திட்டவில்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். வண்டி ஆறட்டும் என்று இரண்டு பேரும் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம்.

“ஊட்ல இருந்தா, சசி தண்ணி குடு, சசி சாவி எங்க, சசி யார் வந்துகீறாங்க பாரு...ன்னு கூப்டுகினே இருப்பாங்கக்கா. ஸ்டியரிங் புடிச்சா யாரும் கூப்புட மாட்டாங்க. ரோடு மட்டும் வரும்.” சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பழுதான வண்டிக்கு நன்றி சொல்லத் தோன்றியது எனக்கு. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஓய்வு அது ஒன்றுதான்.

மறுபடி கிளம்பியபோது நான் கண்ணை எடுக்கவே இல்லை. ஏரி என்ன, வைகுண்டமே தெரிந்தாலும் திரும்புவதில்லை என்று சபதம். முத்தாபுதுப்பேட்டை பக்கம் ஒரு வளைவு. ஆயிரத்து எண்ணூறு... ஆயிரத்து எழுநூறு... ஜீரோ. வண்டி கியரில் உருண்டுகொண்டுதான் இருந்தது. எஞ்சினும் அதோடு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. திரை மட்டும் ஜீரோ என்றது.

“படக்குனு விழுந்துச்சு சசி” என்றேன். பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

வண்டி ஆறியதும் அம்பத்தூருக்கு விட்டோம். சசி போனை எடுக்கவில்லை என்று பாபுவிடம் விசாரித்துக்கொண்டு முருகேசன் தன் பைக்கில் முன்னாடியே வந்து ஷெட் வாசலில் நின்றிருந்தார். முகம் கடுகடு.

பாபு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே விளக்கினார். கிராங்க் சென்சார் என்று கட்டைவிரல் அளவில் ஒன்று இருக்கிறதாம். எஞ்சின் சுற்றுகிறது, சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அந்தச் செய்தி நின்றால், எஞ்சினே நின்றுவிட்டது என்று முடிவுகட்டி கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். நன்றாக ஓடுகிற ஒன்றை, ஓடவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுவது! மனிதர்கள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

“சென்சாருக்கு ஒண்ணும் இல்ல. அதுல ஒயர் மாட்டற கனெக்டரைப் பாருங்க.” பாபு நீட்டினார். உள்ளே இருந்த செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சூடானதும் தொடர்பு விட்டுப்போகிறது, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. “எஞ்சின் மேல தண்ணி அடிச்சீங்களா?”

 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நம் தெருக்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும்தானே? பானெட்டைத் திறந்து, மோட்டார் போட்டு, எஞ்சின் இடுக்கெல்லாம் பீய்ச்சி அடித்து... அப்புறம்தான் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். அந்தக் குளியலை முருகேசன் வேறு யாரிடமும் விடமாட்டார். அவர் கழுவினால்தான் சுத்தமாம். சசி எனக்கு எப்போதோ சொல்லியிருந்தாள்.

இப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

“பூஜைக்குக் கழுவுனோம் பாபு” என்றாள். கழுவுனோம்!

முருகேசன் தரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான்தான் அடிச்சேன்” என்றார்.

பாபு பழைய கனெக்டரை வெட்டிவிட்டு வேறொன்று மாட்டினார். சூடாகும்வரை ஓட்டிப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றார். முருகேசன் சாவிக்குக் கை நீட்டினார். அதற்குள் சசி டிரைவர் சீட்டில் ஏறியிருந்தாள்.

“நீ இந்தாண்ட ஏறு மாமா. நான் ஓட்றேன், நம்பர் நீ பாரு.”

சுற்றிவந்து இடதுபக்கம் ஏறினார். உட்கார்ந்ததும் அவர் போன் அடித்தது. வண்டி வாங்க வருகிறவர்.

“இல்ல நைனா, குடுக்கற மாதிரி இல்ல” என்றார் முருகேசன். “ஓட்றவங்க ஒத்துக்கல.”

சசி திரும்பிக்கூடப் பார்க்காமல் கியரைப் போட்டாள். வண்டி அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் திரும்பி மறைந்தது. முன்சீட்டில் எனக்கு இருந்த இடம் போயே போச்சு. பஸ் பிடித்து ஆவடிக்கு வந்தேன். ஒரு சீட்டைப் பறிகொடுத்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பியதே இல்லை.