மரப்பசையில் ஒட்டிய மீசை

அந்த உயர்நிலைப் பள்ளியில் விசில் சாருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை விளையாட்டுப் பயிற்சி மட்டும்தான். மற்றதெல்லாம் தலையில் வந்து விழுந்தவை. பாட்டு டீச்சர் கல்யாணமாகிப் போனார், பேண்டு இவர் கழுத்தில் ஏறியது. மரவேலை வாத்தியார் ஓய்வுபெற்றார், உளியும் ரம்பமும் இவர் கைக்கு வந்தன. தோட்டத்துக்கென்று இருந்தவர் ஒருநாள் விடுப்பில் போனார், போனவர் போனவர்தான். நாடகத்தை மட்டும் யாரும் விட்டுப் போகவில்லை. அதை இவரே ஆசைப்பட்டுத் தொடங்கித் தொலைத்தார்.

ஒன்றிலும் பெரிய ஞானம் கிடையாது. அவர் செய்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். பேண்டு ஆரம்பித்தால் பள்ளிக்குப் பின்னால் மேய்கிற மாடுகள் வேறு பக்கம் பார்த்து நடக்கும். ஆனாலும் ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. மேல் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் நாலு பயிற்சிக்கும் வந்தார்கள். அத்தனை பேர் என்றால் மலைத்துவிட வேண்டாம், ஒரு வேனில் நெருக்கி உட்கார வைக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்தே அவர் நகரத்துக்கு மாறுதல் கேட்டு மனு போட்டுக்கொண்டிருந்தார். மனைவிக்கு அங்கேதான் அக்கா, தங்கை, மனுஷர் முகம் எல்லாம். இந்த ஊருக்கு அவள் வந்தது "ஒரே ஒரு வருஷம்தான்" என்ற அவர் வாக்கை நம்பி. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை.

"ஏங்க, உங்க மனு நகரத்துக்கு நடந்தா போகுது?" என்பாள். "நடந்து போனாக்கூட இந்நேரம் போயிட்டுத் திரும்பி வந்திருக்குமே!"

இந்த நிலையில்தான் ஆய்வு வந்தது. நாலு பயிற்சிக்கும் தனித்தனியே பிள்ளைகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேல் வகுப்புகளை நகரப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்தால் விசில் சாரும் தானாக நகரத்துக்குப் போய்விடுவார். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா இருந்தால் போதும்.

தலைமையாசிரியை அவரைத் தனியே கூப்பிட்டார். "சார், மேல் வகுப்பு போனா உங்களுக்கு லாபம். அது எனக்கும் தெரியும். ஆனா கவுத்துடாதீங்க."

"நான் எதுக்கு டீச்சர் கவுக்கறேன்?" என்றார் விசில் சார். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே அவ்வளவு திருப்தியாக இல்லை.

ஆய்வுகளைச் சமாளிக்க அந்தப் பள்ளிக்கென்று ஒரு வழி உண்டு. தலைமையாசிரியை அதிகாரியை முன்வாசல் வழியாக மெதுவாக, ஒவ்வொரு சுவருக்கும் ஒரு கதை சொல்லி அழைத்துப் போவார். அதற்குள் பிள்ளைகள் பின்சுவரை ஒட்டி ஓடி, தொப்பியை மாற்றி, அடுத்த பயிற்சியாக உட்கார்ந்திருப்பார்கள். இதுவரை வந்த அதிகாரிகளுக்குக் கண்ணாடியும் தூக்கமும் இருந்ததால் பிசகியதில்லை.

அன்றைக்கு முதலில் நாடகம். ராஜாவாக நடித்தது கடுகு என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்பதாம் வகுப்புப் பெண். ஆள் முழங்கை உயரம், வாய் ஊர் நீளம். நகரத்துக்குப் போய்த்தான் படிக்கணும் என்றால் வீட்டோடு இரு என்று அவள் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். மீசை ஒட்டுகிற பசை தீர்ந்திருந்தது. விசில் சார் அவசரத்தில் மரவேலை அறைக்கு ஓடி அங்கிருந்த பசையை எடுத்து வந்தார். மேசைக்கே பிடிக்கிறது, மீசைக்குப் பிடிக்காதா?

பிடித்தது. நன்றாகவே பிடித்தது.

நாடகம் முடிந்து மரவேலை அறைக்கு அதிகாரி வந்தபோது, ரம்பம் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முறுக்கு மீசை இருந்தது. அதிகாரி ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார். தோட்டத்தில் வெண்டைச் செடிக்கு அதே மீசை தண்ணீர் ஊற்றியது. அதிகாரி குனிந்து பார்த்தார். தலைமையாசிரியை வெண்டையின் வரலாற்றைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

கடைசியாக பேண்டு. கடுகுக்கு ஊதுகுழல். உதட்டுக்கு மேலே தோல் சிவந்து வீங்கி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மீசையின் ஒரு நுனி குழலின் வாய்க்குள் போய்விட, அவள் அதையும் சேர்த்து ஊதினாள். வந்த சத்தத்தைச் சங்கீதம் என்று பெற்ற தாய்கூடச் சொல்லமாட்டாள். ஆனால் நிறுத்தவில்லை. விசில் சார், 'சும்மா இருந்தா போதும்னு நெனச்சேனே, பாவி' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தினார். "ஏம்மா, உன்னை நான் எத்தனை இடத்துல பார்த்தேன்?"

"எல்லா இடத்துலயும்தான் சார்," என்றாள் கடுகு. "மத்தவங்களையும் பார்த்தீங்க. அவங்களுக்கு மீசை இல்ல, அதான் தெரியல."

தலைமையாசிரியை சுவரில் சாய்ந்தார். அதிகாரி விசில் சாரைத் தனியே கூட்டிப்போனார்.

"நாலையும் நீங்கதான் நடத்தறீங்களா?"

"நடத்தறேன்னு சொல்ல முடியாது சார். விழாம பிடிச்சிட்டிருக்கேன்."

"பிள்ளைங்க தனித்தனியா இல்லன்னாலும் பயிற்சி இருக்குன்னு நான் எழுதிடுவேன். ஆனா உங்க மாறுதல் மனு என் மேசையிலதான் கிடக்கு. நீங்க கிளம்பிட்டா இங்க நாலும் கிடையாது. அப்புறம் நான் எழுதினது பொய்யாயிடும்." "மனுவை வாபஸ் வாங்கிக்கறீங்களா, இல்ல மேல் வகுப்பை மூடிடலாமா? எதுன்னாலும் இப்பவே சொல்லுங்க."

விசில் சார் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு மனைவி முகம் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆய்வைப் பற்றி, மீசையைப் பற்றி, வெண்டையைப் பற்றியெல்லாம் சுற்றிச் சுற்றிப் பேசினார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு மீசை கழண்டு வந்துச்சா?"

"எண்ணெய் தடவி எடுத்தாச்சு. கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்துடுச்சு."

"பள்ளிக்கூடம்?"

"இருக்கும்."

"அப்ப நாம?"

அவர் நறுக்கிய வெங்காயத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"பரண்ல ஒரு பெட்டி இருக்கு, இறக்குங்க," என்றாள்.

ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். உள்ளே துணி சுற்றிய பீங்கான் தட்டுகள், கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தவை. நகரத்தில் நல்ல வீடு பார்த்துப் போன பிறகு எடுக்கலாமென்று பூட்டி வைத்தவள், ஒருநாளும் திறந்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, வெங்காயம் என்று அவள் சொல்லவும் இல்லை. அவர் பக்கத்தில் நின்று துடைத்தார்.

"இனிமே தினம் இதுலதான் சாப்பாடு," என்றாள். "உடைஞ்சா உடையட்டும்."